கொன்றையனும் வராத கூடும்

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து குளம் தொடங்கும் இடத்தில், ஓர் ஈச்சமரம் தண்ணீரை எட்டிப் பார்த்தபடி சாய்ந்து நின்றது. அதன் ஓலை நுனிகளில் ஆண்டுதோறும் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும்.

கூடு கட்டுவது ஆண் குருவியின் வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பாதிக் கூடுதான் கட்ட வேண்டும். அது கவிழ்த்த தொப்பி போல ஓலையில் தொங்கும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும், நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும், மூக்கைச் சுளிக்கும். (பறவைக்கு ஏது மூக்கு என்று கேட்பவர்கள் அலகு என்று திருத்திக்கொள்ளலாம்.) பிடித்தால் தங்கிவிடும், ஆண் குருவி மீதியைக் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். மழை வருவதற்குள் யாரும் தங்காத கூட்டுக்காரனுக்கு அந்த ஆண்டு குஞ்சும் இல்லை, குடும்பமும் இல்லை.

கொன்றையன் என்ற குருவிக்கு அதுதான் முதல் பருவம். கொன்றைப் பூ நிறத்தில் தலை. அதனால் அந்தப் பெயர். அந்தத் தலைக்குள் ஓர் ஆசை இருந்தது. இதுவரை எந்தக் குருவியும் கட்டாத கூடு ஒன்றைக் கட்ட வேண்டும்.

பக்கத்து ஓலையில் நாரன் என்ற குருவி விடிந்ததிலிருந்து புல்லைக் கிழித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் அதே சுரைக்காய்க் கூடுதானா?" என்று கேட்டான் கொன்றையன்.

"முட்டையும் அதே முட்டைதானே," என்றான் நாரன், அலகில் புல்லோடு.

"எனக்கு வேறு மாதிரி வேண்டும்."

"கட்டேன். யார் வேண்டாம் என்றது?"

எப்படிக் கட்டுவது என்றுதான் கொன்றையனுக்குத் தெரியவில்லை. அவன் மைனாவிடம் போனான்.

மைனாவின் பெயர் வித்தகன். முன்பு ஒரு பெரிய வீட்டுக் கூண்டில் இருந்தவன். அங்கே பேசப்பட்ட பெரிய பேச்சுகளையெல்லாம் கேட்டுக்கொண்டு காட்டுக்குத் திரும்பியிருந்தான். எதைக் கேட்டாலும் பதில் சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான்.

"ஐயா, புதிய எண்ணம் எங்கிருந்து வருகிறது?"

வித்தகன் கண்களை மூடிக்கொண்டான். மூடினால்தான் பதிலுக்கு ஒரு கனம் வரும். "மேலிருந்து வருகிறது, தம்பி. மூடுபனி மாதிரி மெதுவாக இறங்கும். அது இறங்குகிற நேரத்தில் உன் அலகில் புல் இருந்தால், 'பாவம், வேலையாக இருக்கிறான்' என்று அடுத்த மரத்துக்குப் போய்விடும்."

"அப்படியானால் நான் என்ன செய்யட்டும்?"

"ஒன்றும் செய்யாதே. முக்கியமாக, மற்றவர்கள் கட்டுவதைப் பார்க்காதே. பார்த்தால் உன் எண்ணத்தில் கறை படிந்துவிடும்."

கொன்றையன் ஈச்சமரத்துக்குத் திரும்பி, கட்டுவதற்கென்று கொண்டுவந்திருந்த ஒரே புல்லையும் கீழே போட்டான். அது குளத்தில் விழுந்து, ஒரு வட்டம் போட்டு, மிதந்து போயிற்று. அவன் ஒரு வெற்று ஓலையில் அமர்ந்து கண்ணை மூடினான்.

கனவுகள் வந்தன. நன்றாகவே வந்தன. காலையில் குளத்திலிருந்து பனி எழும்போது, அந்தப் பனியையே இழை இழையாகப் பிரித்து முடைந்த ஒரு கூடு தெரிந்தது. மதியத்தில் அலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு ஒரு கூடானது. மற்றொரு கூட்டின் சுவர்கள் தும்பியின் சிறகுகள். வெயில் அதற்குள் வழி தவறிச் சுற்றிக்கொண்டிருந்தது. கொன்றையன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மிதந்து போய் மிதந்து வந்தான். விழித்த பிறகு, முதல் முடிச்சு எங்கே விழுந்தது என்பது மட்டும் நினைவுக்கு வராது.

"என்ன மாப்பிள்ளை, இறங்கிவிட்டதா?" என்பான் நாரன்.

"பாதி இறங்கியிருக்கிறது."

"மீதியையும் சீக்கிரம் இறங்கச் சொல். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது."

நாரனின் கூட்டில் ஒரு பெண் குருவி தங்கிவிட்டாள். மற்றக் கூடுகள் பலவற்றிலும் ஒவ்வொருத்தியாகத் தங்கினார்கள். மேகங்கள் மலையை மறைக்கத் தொடங்கிய ஒரு நாள், செருந்தி என்ற பெண் குருவி கொன்றையனின் ஓலைக்கு வந்தாள்.

"உங்கள் கூடு எங்கே?"

"இன்னும் வரவில்லை."

"எங்கிருந்து வர வேண்டும்?"

கொன்றையன் தான் கண்டதையெல்லாம் சொன்னான். பனிக் கூடு, அலைக் கூடு, தும்பிச் சிறகுக் கூடு. செருந்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவன் அழகாகத்தான் சொன்னான். அவள் கண்கூடக் கொஞ்சம் சொக்கியது. பிறகு கேட்டாள்: "இதில் முட்டையை எங்கே வைப்பது?"

கொன்றையன் தன் வெற்று ஓலையைக் குனிந்து பார்த்தான்.

"போன வருடம் நான் தங்கிய கூடு காற்றில் ஆடி ஆடி, முட்டைகள் தண்ணீரில் விழுந்துவிட்டன," என்றாள் செருந்தி. "இந்த மரத்தில் காலியாக இருந்த கூடுகளிலும் ஏறிப் பார்த்தேன். எல்லாம் ஆடுகின்றன. அக்கரையையும் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குள் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது கட்டுங்கள்."

அவள் போனதும் கொன்றையன் நேராக வித்தகனிடம் பறந்தான். மைனா தன் மரப்பொந்தில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஐயா, இந்தப் பொந்தை யார் குடைந்தது?"

"ஒரு மரங்கொத்தி. விட்டுவிட்டுப் போய்விட்டான்."

"நீங்கள் எப்போதாவது எதையாவது கட்டியிருக்கிறீர்களா?"

"கட்டுவதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன்," என்றான் வித்தகன், சற்றும் கூசாமல்.

கொன்றையன் திரும்பி வந்து நாரனின் கூட்டுக்கு எதிரே தொங்கினான். ஒவ்வொரு முடிச்சையும் உற்றுப் பார்த்தான்.

"என்ன பார்க்கிறாய்?"

"திருடுகிறேன்."

"தாராளமாகத் திருடு," என்றான் நாரன். "நான் அக்கரைக்காரனிடம் திருடியதுதான். அந்த மூன்றாவது சுற்றை மட்டும் விட்டுவிடு, அதில் நான் தப்புப் பண்ணிவிட்டேன்."

நல்ல ஓலைகளையெல்லாம் மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். மிஞ்சியது அடியில், தண்ணீரை ஒட்டித் தொங்கிய ஒற்றை ஓலை. காற்று அடித்தால் அதுதான் முதலில் ஆடும். கொன்றையன் கரைக்கும் ஓலைக்கும் பறந்தான். புல்லின் ஓரத்தை அலகால் நறுக்கினான், பற்றிக்கொண்டு பறந்தான், நார் உரிந்து வந்தது. முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது. அதற்கடுத்தது ஏதோ பாவம் பார்த்து நின்றது. மாலைக்குள் கோணலாக ஒரு தொப்பி தொங்கியது. அதைக் கண்டு நாரனின் மனைவி ஓலைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

கரையோரப் புல் சேற்றில் முளைத்த புல். அதைக் கிழிக்கக் கிழிக்க அலகெல்லாம் சேறு அப்பிக்கொண்டது. சேறு பட்ட அலகில் நார் வழுக்கியது, முடிச்சு விழவில்லை. எரிச்சலில் கொன்றையன் அலகைக் கூட்டின் உட்சுவரில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். துடைத்துவிட்டு மறுபடி கரைக்குப் போனான். மறுபடி துடைத்தான்.

ஒரு காற்று வந்தது. நாரனின் கூடு இங்கும் அங்கும் ஊசலாடியது. கொன்றையன் தன் கூடு பிய்ந்துவிடும் என்று பயந்து திரும்பினான். அது தயங்கித் தயங்கி ஒரு முறை அசைந்து நின்றது.

கொன்றையன் அசையாமல் பார்த்தான். குளமும் மரமும் சத்தமும் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டாற்போல் இருந்தது. அவன் மெல்ல உள்ளே போய்ச் சேற்றைச் சுரண்டி எடுத்தான். அடுத்த காற்றுக்குக் கூடு துள்ளியது. போய்ச் சேறு எடுத்து வந்து அப்பினான். கூடு அடங்கியது. ஒரு பக்கம் மட்டும் அப்பினான்; கூடு சாய்ந்தது. இரு பக்கமும் அப்பினான், நிமிர்ந்தது. கட்டுவதை மறந்து, பொம்மை கிடைத்தவன் போல அவன் அப்படியே விளையாடிக்கொண்டிருந்தான்.

அந்தியில் ஒரு மின்மினி அந்த ஈரச் சேற்றில் கால் மாட்டி, சற்று நேரம் உள்ளே மினுக்கிவிட்டுப் போயிற்று. தூக்கணாங்குருவி தன் கூட்டில் விளக்கு வைக்கிறது என்ற பேச்சு இப்படித்தான் கிளம்பியிருக்க வேண்டும். கொன்றையன் எந்த விளக்கும் வைக்கவில்லை. களைத்துத் தூங்கிவிட்டான், கனவும் வரவில்லை.

காலையில் காற்றோடு காற்றாகச் செருந்தி வந்தாள். நேராகக் கூட்டுக்குள் ஏறினாள். மேலே இருந்த கூடுகள் எல்லாம் ஆடின. இது மெல்ல அசைந்து நின்றது. அவள் வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். கொன்றையன் ஓலையில் தொங்கியபடி காத்திருந்தான்.

"இது என்ன, சுவரில்?"

"சேறு."

"எப்படித் தோன்றியது உங்களுக்கு?"

"தோன்றவில்லை. அலகைத் துடைத்தேன்."

செருந்தி ஒரு நாரை இழுத்துப் பார்த்தாள். "முடிச்சுகள் மோசம்."

"தெரியும்."

"பாதி முடிச்சு நாரனுடையது."

"அதுவும் தெரியும்."

அவள் வெளியே வந்து, அவனைப் பார்க்காமலே கரைப் பக்கம் பறந்து போனாள். கொன்றையனின் இறகுகள் தளர்ந்தன. அக்கரையில் மழை இறங்குவது வெள்ளைத் திரை போலத் தெரிந்தது.

அவள் திரும்பி வந்தபோது அலகில் ஒரு கற்றை நாணல்பஞ்சு இருந்தது. அதைக் கூட்டுக்குள் பரப்பிவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? வாசலைக் கட்டுங்கள். மழை வந்துவிட்டது."

நீதி: வேலையில் அழுக்கான அலகில்தான் புதுமை வந்து ஒட்டிக்கொள்ளும்.