பண்டிதருக்கு ஏற்ற சொல்

கருவேலங்குளம் ஜமீனில் கட்டியம் கூறுவது மாசாணத்தின் வேலை. சபைக்குள் யார் வந்தாலும் அவர்கள் பெருமையைக் கணீரென்று சொல்ல வேண்டும். அன்று முதல்முறையாக வந்த அகோரப் பண்டிதரை, "நூல்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர் வருகிறார்!" என்று அறிவித்தான்.

பண்டிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நூல் என்ன கஞ்சியா? சபைக்குத் தகுந்த சொல்லாகச் சொல். முடியாவிட்டால் வேலையை விட்டுப் போ!"

ஜமீன்தாரும் ஆமென்று தலையசைத்தார். மாசாணம் அவசரமாக வேறு சொல்லைத் தேடினான்.

"சான்றோர் சொல்லைச் செவிமடுத்தவர்" என்றான்.

"நான் எவன் சொல்லையும் கேட்டதில்லை!"

"கசடறக் கற்றவர்."

"கற்பதா? எனக்கு எல்லாம் பிறவியிலேயே வந்தது!"

மாசாணம் ஜமீன்தாரைப் பார்த்துக் கும்பிட்டான். "எஜமான், யாரிடமும் கேட்டதில்லை, எதையும் கற்றதில்லை என்று ஐயாவே சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர்களுக்கும் ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சபையில் சொல்லலாமா?"

சபை கொல்லென்று சிரித்தது.

ஜமீன்தார் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வேண்டாமப்பா. இனி இவருக்குப் பெயரை மட்டும் சொல்லு, போதும்."