சக்கரத்தடி எலுமிச்சை

விமான முதலாளி ராஜரத்தினத்தின் புது விமானத்துக்கு அன்று பூஜை. மூக்கில் சந்தனம் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். விமானத்துறை மந்திரியே வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றாள் திலகவதி. வெளிநாட்டுக்காரர் பாதிப் பணம் போட்ட புது விமானக் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கிறவள். அவளுடைய மேனேஜரை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். டிக்கெட் கொடுக்கிறவள்தானே என்று இவளை யாரும் தடுக்கவில்லை.

“ஐயா, பறக்க அனுமதி கிடைக்காட்டி எங்க கம்பெனியை மூடிடுவாங்க” என்றாள் மந்திரியிடம்.

ராஜரத்தினம் சீறினார். “அந்நியன் காசுக்கு நம்ம வானத்துல என்னம்மா வேலை? உங்க விமானத்துல வெளிநாட்டுச் சரக்கு ஒண்ணுகூட இல்லேன்னு காட்டு. அப்புறம் பேசு!”

மந்திரியும் தலையாட்டினார்.

“காட்டுறோங்க. முதல்ல நீங்க இந்த விமானத்துல இருக்கிற வெளிநாட்டுச் சரக்கைக் கழற்றிக் காட்டுங்க. அதைப் பார்த்து நாங்களும் செய்யறோம்.”

மந்திரி ராஜரத்தினத்தின் இன்ஜினியர் பக்கம் திரும்பினார். “இன்ஜின் எந்த ஊரு?”

“வெளிநாடுங்க.”

“சீட்டு?”

“அதுவும்தாங்க.” இன்ஜினியர் தலை குனிந்துகொண்டார். “விமானமே அங்கேயிருந்து வாடகைக்கு எடுத்ததுங்க.”

திலகவதி குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். “அப்போ நம்ம சரக்கு இது ஒண்ணுதாங்க. பறக்க விடுவோமா?”

மந்திரி விழுந்து விழுந்து சிரித்தார். அனுமதி கிடைத்தது.

வெளியே மேனேஜர் துள்ளிக் குதித்தார். திலகவதி பழத்தை அவர் கையில் வைத்தாள்.

“பத்திரமா வைங்க சார். நாளைக்கு நமக்குப் போட்டியா ஒருத்தன் வருவான். அன்னைக்கு நாமளும் ராஜரத்தினம் பேசின இதே பேச்சைத்தான் பேசுவோம்.”