காதுக்குப் பின்னால் தடவிய களிம்பு

தவிட்டுக்குளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளைதான், அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தகராறு என்று ஊரில் பேச்சு. கடைக்குட்டி கொம்பையாவுக்கு முகமெல்லாம் பரு. வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் முகத்தைப் பார்த்ததும் தட்டிப்போயிருந்தது.

டவுன் டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்து, படித்துப் படித்துச் சொன்னார்: "எடுத்த எடுப்புல முகத்துல பூசாதீங்க. காதுக்குப் பின்னால பட்டாணி அளவு தடவி ஒரு நாள் பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னா முகத்துல போடுங்க."

செவ்வாய் காலை பத்து மணிக்குத் தடவினார்கள். அளவு பார்க்க வாங்கிய அரைக் கிலோ வறுத்த பட்டாணியைத் தின்றுகொண்டே அண்ணன்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்து காதைப் பார்த்தார்கள். சாயங்காலம் எதிர்வீட்டு ஆடு குட்டி போட்டது.

"போச்சு!" என்றான் மூத்தவன் இருளப்பன்.

"அது நம்ம ஆடு இல்லையேண்ணே?" என்றான் நடு அண்ணன் ஊர்க்காவலன்.

"யாரு வீட்டுல ஆகக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாவளா?"

"சொல்லலை."

"அப்ப எங்க ஆனாலும் ஆனதுதாம்ல."

காதைக் கழுவினார்கள். புதன்கிழமை மறுபடி தடவினார்கள். மத்தியானம் டவுன் பஸ் பஞ்சர். கழுவினார்கள்.

வியாழக்கிழமை விட்டால் வேறு நாள் இல்லை. காலை பத்து மணிக்குத் தடவிவிட்டு, ஊரில் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ள அண்ணன்கள் கிளம்பினார்கள். இருளப்பன் அடைக்கோழியை முட்டையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஊர்க்காவலன் வீடு வீடாகப் போய், மாவு புளிக்கக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டான். கொம்பையா தும்மலைக்கூட அடக்கினான்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் பெண் வீட்டார் கார் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்த கொம்பையாவுக்கு முதலில் சந்தோஷம், அடுத்த நொடி பகீரென்றது.

"அண்ணே! இன்னும் அரைமணி நேரம் கெடக்கே! இப்பவே சம்பந்தம் கூடிவந்துருச்சுன்னா அதுவும் ஆனதுதானே?"

இருளப்பன் தெருவுக்கு ஓடி, கைகளை விரித்துக் காரை மறித்தான். "எங்க தம்பிக்குக் கல்யாணம் நடக்கணும்னா நீங்க உள்ள வரவே கூடாது!"

பெண்ணின் அப்பா வாயில் வந்தபடி திட்டிவிட்டு, பழத்தட்டோடு திரும்பிப் போனார்.

பத்தடித்ததும் கொம்பையா முகமெல்லாம் களிம்பு பூசிக்கொண்டான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "மாமா கோவமாப் போனாவளே அண்ணே?"

"கோட்டிக்காரப் பயலே, முன்னாடி வந்தவுக ரெண்டு பேரும் உன் முகத்தைப் பாத்துட்டுல்லா போனாவ?" என்று அவனைக் கட்டிக்கொண்டான் இருளப்பன். "இவுக பாக்காமலே போயிட்டாவ. களிம்பு வேலை செய்யுதுல!"