மைனா வக்கீலும் நூறு கொய்யாப்பழமும்

நாற்பது முயல்கள் சேர்ந்து ஒரு யானை மேல் வழக்குப் போட்டன. பின்னே? வேண்டுமென்றே அவை குடியிருந்த மேட்டின் மேல் நடந்து, அவற்றின் வளைகளை எல்லாம் மிதித்து மூடிவிட்டதே அந்தத் தடியன்!

முயல்களிடம் கூலி கொடுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மைனா வக்கீலாக வந்தது. "ஜெயித்தால் யானை எனக்கு நூறு கொய்யாப்பழம் தரட்டும். தோற்றால் எனக்கு ஒன்றும் வேண்டாம்!" என்றது.

வாதத்தில் மைனா வெளுத்து வாங்கியது. "தப்பு யானை மேல்தான்!" என்று நீதிபதி கரடி சொல்லிவிட்டது. எந்த முயலுக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

அங்கேதான் யானை தன் வேலையைக் காட்டியது. "ஒவ்வொரு வளையையும் தனித்தனியாக அளக்க வேண்டும்!" என்றது. அளந்தால், "கோணலாக இருக்கிறது, மறுபடி அளங்கள்!" என்றது. இரண்டு மாதத்தில் மூன்று வளைதான் முடிந்தது. பாவம் மைனா! பொழுதெல்லாம் வழக்கில் போனால் இரை தேட நேரமேது? இளைத்துத் துரும்பாகிவிட்டது.

"வக்கீலம்மா, நீங்களும் பசி தாங்காமல் போய்விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? மழை வரப் போகிறதே, குட்டிகளோடு எங்கே போவோம்!" என்று முயல்கள் அழுதன.

மைனா கரடியிடம் போனது. "ஐயா, ஜெயித்தது ஜெயித்ததுதானே? என் கூலியில் ஒரு பங்கை இப்போதே தரச் சொல்லுங்கள். கடைசியில் நூறு பழம் அதிகம் என்று நீங்கள் குறைத்தால், மிஞ்சியதைத் திருப்பித் தருகிறேன்!"

"எல்லாம் முடியட்டும், மொத்தமாகத் தருகிறேன்! அதுவரை பசி தாங்க முடியாதா? நானாக இருந்தால் தாங்குவேன்!" என்று யானை பீற்றிக்கொண்டது.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்!" என்றது கரடி. "வழக்கு முடியும்வரை நீயும் ஒரு வாய் தின்னாமல் இங்கேயே நில், பார்க்கலாம்!"

யானை வீம்புக்கு நின்றது. மத்தியானம் வயிறு கடமுடா என்றது. சாயங்காலம் காது தொங்கிப்போனது.

"ஐயா, ஒரே ஒரு கட்டுப் புல்! இப்போதைக்கு அது போதும், மீதியை அப்புறம் தின்கிறேன்!" என்று கெஞ்சியது.

வேடிக்கை பார்த்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அட மடையா, இதைத்தானே மைனாவும் கேட்டது?" என்றது கரடி. "முதலில் அறுபது பழத்தைக் கொண்டுவந்து வை. பிறகு நீ புல்லைத் தின்!"

மைனா வயிறாரத் தின்றது. மறுநாளே அதன் குரல் காடெங்கும் கேட்டது. இனி இந்த மைனா பசியால் ஓடாது என்று யானைக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் கோணல் என்றும் சொல்லவில்லை, மறுபடி என்றும் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் அளவு முடிந்தது; மைனாவின் மீதி நாற்பது பழமும் வந்து சேர்ந்தது. நஷ்டத்துக்கு ஈடாக நாற்பது வளைகளையும் யானையே தன் தந்தத்தால் தோண்டிக் கொடுத்தது. முதல் மழை பெய்தபோது குட்டிகள் எல்லாம் உள்ளே இருந்தன.

உழைத்தவர் கூலியை 'அப்புறம், அப்புறம்' என்று இழுத்தடிப்பதும் திருட்டுதான்.