வெயிலுகந்தபுரத்துப் பனிச்சறுக்கு வீரர்கள்

வெயிலுகந்தபுரத்தில் பனி பெய்து யாரும் பார்த்ததில்லை. சித்திரை மாதத்தில் அந்த ஊர்த் தார் ரோட்டில் நடந்தால் கால் மட்டும்தான் வரும், செருப்பு வராது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பனிச்சறுக்குச் சங்கம் இருந்தது என்றால், அதற்குக் காரணம் பனி இல்லை, பதவி.

மாவட்டத்தில் மற்ற விளையாட்டுகளுக்கெல்லாம் ஏற்கெனவே தலைவர்கள் இருந்தார்கள். கபடிக்கு இரண்டு பேர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கேரம் போர்டுக்கு ஒருவர். அவர் செத்துப்போன பிறகும் அவரே தலைவர். ஆளில்லாமல் கிடந்தது பனிச்சறுக்கு ஒன்றுதான். ஐஸ் கம்பெனி அரியமுத்து அண்ணாச்சி, குளிர்ச்சியோடு அன்றாடம் புழங்குகிறவர் என்ற தகுதியில் தலைவரானார். பைபாஸில் எடைமேடை வைத்திருந்த சங்கிலிக்காளை துணைத்தலைவர். தையல்காரர் இருளப்பன் பொருளாளர். சைக்கிள் கடை மாடக்கண்ணு செயலாளர்.

இது அந்த மாடக்கண்ணுவுக்கு நேர்ந்த கதை. நாற்பது வயது வரைக்கும் ஊர் அவரைப் ‘பஞ்சர்’ என்றுதான் கூப்பிட்டது. மாமனார் வீட்டில்கூட அப்படித்தான். சங்கம் ஆரம்பித்த மறுநாள் டீக்கடையில் “செயலாளருக்கு ஒரு டீ” என்று குரல் கேட்டது. யாருக்கோ என்று அவரும் திரும்பிப் பார்த்தார். அவருக்குத்தான். அந்த டீயைக் குடித்து முடிக்க மனசு வராமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஒரு வருஷம் சங்கம் அமோகமாக நடந்தது. பொங்கல் விழா நடந்தது, நீர்மோர்ப் பந்தல் நடந்தது, மூன்று இரங்கல் கூட்டங்கள் நடந்தன. பனிச்சறுக்கு மட்டும் நடக்கவில்லை. அப்புறம் மேலிடத்திலிருந்து போன் வந்தது. சறுக்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லாத சங்கங்களைக் கலைக்கப் போகிறார்களாம். மாடக்கண்ணுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நான்கு பேரும் கூடிப் பேசி, ஊரிலிருந்த கம்பளிகளை எல்லாம் இரவல் வாங்கிக்கொண்டு இமயமலைக்கு ரயிலேறினார்கள்.

அங்கே அவர்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்க வாய்த்தவள் டோல்மா என்ற மலைக்காரப் பெண். அப்பா ராணுவத்தில் இருந்ததால் குன்னூரில் வளர்ந்தவள். தமிழ் சுத்தமாகப் பேசுவாள். வந்த வினையே அதுதான். இந்தியில் சொல்லியிருந்தால் இவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத் தானாகக் கற்றிருப்பார்கள்.

முதல் நாள், இரண்டு காலையும் பட்டை போட்டு ஒரே பலகையோடு பிணைத்துவிட்டு, டோல்மா சொன்னாள்: “முதல்ல விழக் கத்துக்குங்க. நல்லா விழத் தெரிஞ்ச பிறகுதான் மத்ததெல்லாம்.”

நால்வரும் தலையாட்டினார்கள். ஆனால் விழவில்லை. இருளப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

“தலைவர் நிக்கும்போது நாம விழுறது மரியாதையா?”

“அப்ப அண்ணாச்சி முதல்ல விழட்டும்” என்றார் சங்கிலிக்காளை.

“நான் கீழே கிடக்கும்போது நீங்கள்லாம் நிமிர்ந்து நின்னா, அது மட்டும் மரியாதையா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

கேள்வி நியாயமானது என்பதால் அரைமணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் நால்வரும் கை கோத்துக்கொண்டு, மாடக்கண்ணு கணக்குச் சொல்ல, ஒரே நேரத்தில் விழுவது என்று தீர்மானமாயிற்று. விழுந்தார்கள். பிரமாதமாக விழுந்தார்கள். பிறகு எழுந்து மறுபடி விழுந்தார்கள். பக்கத்து வகுப்பில் சேர்ந்தவர்கள் மத்தியானத்துக்குள் நின்றபடி சறுக்கத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து மாடக்கண்ணு பரிதாபப்பட்டார். ஒருத்தருக்கும் ஒழுங்காக விழத் தெரியவில்லையே என்று.

அடுத்தது, பலகையில் எந்தக் கால் முன்னால் இருக்க வேண்டும் என்ற பாடம். அது ஆளுக்கு ஆள் மாறுமாம். நினைக்காத நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிட வேண்டும், எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுதான் முன்னங்கால் என்றாள் டோல்மா.

நினைக்காத நேரம் என்பதை அவர்கள் மிகவும் கவனமாக எடுத்துக்கொண்டார்கள். இருளப்பன் சூப்புக் கிண்ணத்தோடு வரும்போது சங்கிலிக்காளை தள்ளினார். கால் எதுவும் போகவில்லை, சூப்புதான் முன்னே போனது. அண்ணாச்சி விடுதிப் படிக்கட்டில் இறங்கும்போது மாடக்கண்ணு, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, தள்ளினார். அண்ணாச்சிக்கு இரண்டு காலும் சேர்ந்து முன்னே போயின.

படிக்கட்டின் அடியில், அண்ணாச்சி கிடந்த இடத்திலேயே கூட்டம் கூடியது. தலைவருக்கு இரண்டுமே முன்னங்கால் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பின்னங்காலுக்கு எங்கே போவது என்பதுதான் பிரச்சினை. தலைவரால் முடியாதபோது அந்த வேலையைப் பார்ப்பதற்குத்தான் துணைத்தலைவர் இருக்கிறார் என்று இருளப்பன் எடுத்துச் சொன்னார். மறுநாள் காலையில் அண்ணாச்சியின் பலகையில் சங்கிலிக்காளையின் ஒரு காலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இருவரையும் பிரித்தெடுக்க டோல்மாவுக்கு நெடுநேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவள் மிகவும் யோசித்துத்தான் பேசினாள். ஆனாலும் ஒருமுறை வாய் தவறி, “உங்க எடையை முன்னங்கால்ல போடுங்க” என்று சொல்லிவிட்டாள்.

எடை என்றதும் சங்கிலிக்காளையின் முகம் மலர்ந்தது. எதிரில் வரும் லாரியைப் பார்த்தே பாரம் சொல்லக்கூடிய மனிதர் அவர். அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். பிறகு அண்ணாச்சியின் எடைக்குச் சரியான எடையில் கல்லைச் சாக்கில் நிரப்பி, அவருடைய இடது காலில் கட்டினார். அண்ணாச்சி அப்படியே முழங்கால் வரை பனிக்குள் இறங்கி நின்றுவிட்டார். மத்தியானம் முழுக்க நின்றார். சுற்றுலா வந்தவர்கள் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பஞ்சாபிக் குடும்பம் அவர் தலையில் தொப்பி வைத்து அழகு பார்த்தது. கடைசியில் டோல்மா மண்வெட்டி கொண்டுவந்து தோண்டி எடுத்தாள்.

“தரையில நல்லா பிடிமானம் இருந்துச்சு” என்றார் அண்ணாச்சி.

கடைசிக்கு முந்தின நாள் வந்தது. ஒருவராவது நின்றபடி சரிவில் இறங்கிக் காட்டினால்தான், இவர்களுக்குச் சறுக்கத் தெரியும் என்று டோல்மாவால் மேலிடத்துக்குச் சொல்ல முடியும். யார் இறங்குவது என்று பேச்சு வந்தபோது, தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் பொருளாளருக்கும் பொறுப்புகள் அதிகம் என்பது தெரியவந்தது. மாடக்கண்ணு தன் செல்போனை இருளப்பனிடம் படம் பிடிக்கக் கொடுத்துவிட்டுப் பலகையில் ஏறினார்.

டோல்மா அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “அண்ணா, காலைப் பார்க்காதீங்க. போக வேண்டிய இடத்தைப் பாருங்க. எங்கே பார்க்கிறீங்களோ அங்கேதான் பலகை போகும்.”

“எப்படி நிறுத்துறதும்மா?”

“அதை நாளைக்குச் சொல்லித் தர்றேன். இது சின்னச் சரிவுதான், கீழே தானா நின்னுடும்.”

மாடக்கண்ணு எதிரே பார்த்தார். வெள்ளைச் சரிவு, அதற்குக் கீழே தேவதாரு மரங்கள், அதற்கும் கீழே எங்கேயோ தெற்கு. தெற்கே அவருடைய ஊர். இன்றைக்குத் தவறினால் மறுபடியும் ‘பஞ்சர்’தான் என்ற நினைப்பு வந்தது. சின்னச் சரிவு முடியும் இடத்தை அவர் பார்க்கவேயில்லை. ஊரைத்தான் பார்த்தார்.

பலகை நகர்ந்தது.

ஊர் நினைப்பில் இருந்ததால் அவர் கையைக் காலை ஆட்டவில்லை, கல்லைக் கட்டவில்லை, கணக்குச் சொல்லி விழவில்லை. உடம்பு தானாகவே செய்ய வேண்டியதைச் செய்தது. காற்று காதில் சீறியது. பலகைக்கு அடியில் பனி, புதுத்துணி கிழிவது போல மெல்லிய சத்தம் போட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக, தன்னைவிட வேகமாகப் போகும் எதையும் பார்த்து அவர் ஒதுங்கவில்லை. மற்றவர்கள் ஒதுங்கினார்கள். மாடக்கண்ணு சிரித்தார்.

சரிவு முடியும் இடம் வந்தது. பலகையின் வேகமும் குறைந்தது. அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் நிற்பது நாளைப் பாடம். இன்றைக்கே நின்றால் டீச்சர் தப்பாக நினைப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே ஒரு உந்து உந்தி, வேலியின் சந்து வழியாக அடுத்த சரிவில் இறங்கி, மரங்களுக்குள் மறைந்துபோனார்.

டோல்மா ஆள் கூட்டிக்கொண்டு மரங்களுக்குள் தேட ஓடினாள். அண்ணாச்சி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

“அவளே சொல்லிட்டு அவளே மறந்துட்டா பாருங்க. எங்கே பார்க்கிறானோ அங்கேதான போவான்? அவன் எங்கே பார்த்தான்?”

“தெக்கே பார்த்தான். ஊரைப் பார்த்தான்” என்றார் இருளப்பன்.

“அப்ப ஊருக்குத்தான் போறான்.”

“அவ்வளவு தூரம் சறுக்க முடியுமா அண்ணாச்சி?”

“இந்தியா மேப்பைப் பார்த்ததில்லையா? இமயமலை உச்சியில இருக்கு, நம்ம ஊர் அடியில இருக்கு. ஒரே இறக்கம்தானய்யா.”

சங்கிலிக்காளைதான் அடுத்த ஆபத்தைக் கண்டுபிடித்தார். மாடக்கண்ணு இன்னும் நிற்கக் கற்கவில்லை. நம் ஊரோடு நிற்காமல் கன்னியாகுமரி வரைக்கும் போய்க் கடலில் இறங்கிவிட்டால்? அண்ணாச்சி உடனே ஊருக்குப் போன் போட்டு, பைபாஸில் வைக்கோல் குவிக்கச் சொன்னார். சறுக்கி வருகிறவனை முந்திப் போய் வரவேற்க வேண்டுமே என்று மூவரும் விமானம் பிடித்தார்கள்.

மாடக்கண்ணு இதற்குள் நான்கு சரிவு இறங்கி, ஒரு பஸ் நிலையத்துப் பனிக்குவியலில் தலைகீழாகச் செருகிக் கிடந்தார். கண்டக்டர் காலைப் பிடித்து உருவி, எங்கே போகணும் என்று சைகையில் கேட்டார். மாடக்கண்ணு தெற்கே காட்டினார். பஸ்ஸும் தெற்கே போவதாகத்தான் இருந்தது. டீச்சர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடக்கிறதே என்று நெகிழ்ந்துபோய் ஏறிக்கொண்டார். பிறகு ரயில், பிறகு இன்னொரு ரயில், பிறகு பஸ். ஒரு வழியாகப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலுகந்தபுரம் பைபாஸில் இறங்கினார்.

ஊரே அங்கே இருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கு வைக்கோல். அதற்குப் பின்னால், தப்பினால் பிடிக்க வாலிபால் நெட். இரு பக்கமும் ஜனம். எல்லோரும் வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ விசிலை ஊதி, “ஓரமா நில்லுங்க, சறுக்கி வர்ற வழி இது” என்று அவரை ஒதுக்கினார். யார் வருகிறார்கள் என்று மாடக்கண்ணு கேட்டார். நம்ம செயலாளர்தான், இமயமலையிலிருந்து நிற்காமல் வந்துகொண்டிருக்கிறார், தலைவரே விமானத்தில் வந்து சொன்னார் என்றார் விசில்காரர். மாடக்கண்ணுவுக்கு நெஞ்சு விம்மியது. நம்ப முடியாத விஷயம்தான். ஆனால் தலைவரே விமானத்தில் வந்து சொல்லியிருக்கிறார் என்றால் எப்படிப் பொய்யாகும்?

மனைவி பேச்சியம்மாள் ஆரத்தித் தட்டோடு முன்வரிசையில் நின்றாள். அவரைப் பார்த்ததும், “நல்ல நேரத்துக்கு வந்தீங்க, கை கடுக்குது. இதைக் கொஞ்சம் பிடிங்க” என்று தட்டை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு வடக்கே பார்த்தார்.

பத்து மணி ஆயிற்று. மத்தியானம் ஆயிற்று. தார் இளகி, ஜனங்கள் நின்ற இடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். செயலாளர் வரவில்லை. மாடக்கண்ணுவுக்கு முதலில் கவலையாக இருந்தது, பிறகு தாகமாக இருந்தது, கடைசியில் கோபம் வந்துவிட்டது.

“அண்ணாச்சி, இத்தனை பேரை வெயில்ல காக்க வைக்கிற ஆளுக்கு எதுக்கு இந்தப் பதவி?” என்றார்.

அண்ணாச்சிக்கும் அது சரியென்று பட்டது. அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. பொறுப்பில்லாமல் நடந்துகொண்ட மாடக்கண்ணுவைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்குவது என்று இருளப்பன் முன்மொழிய, மாடக்கண்ணு வழிமொழிந்தார். எதிர்ப்பே இல்லை. பேச்சியம்மாள்கூடக் கை தூக்கினாள்.

புதுச் செயலாளர் யார் என்ற கேள்வி வந்தது. அண்ணாச்சி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கையில் ஆரத்தியும் கக்கத்தில் பலகையுமாக, இறக்கிவிட்டால் உடனே சறுக்கத் தயாராக நின்றவர் ஒரே ஒருவர்தான். வாங்கி வைத்த மாலை வாடுவதற்குள் அவர் கழுத்தில் போட்டார்கள்.

புதுச் செயலாளர் கண் கலங்கி, நாலு வார்த்தை பேசினார். பழையவரைப் போல இருக்க மாட்டேன் என்று உறுதி சொன்னார்.