பின்னால் ஒரு பட்டை

பட்டைகள் எட்டு. வேனின் பெயர் செண்பகம்.

சங்கரன்கோவிலில் சமையல் காண்டிராக்ட் எடுக்கும் அம்பலவாணனின் குடும்ப வேன் அது. பின்சக்கரங்களை ஒட்டி, பக்கத்துக்கு நான்காக வில் போல் வளைந்து கிடந்த இரும்புப் பட்டைகள்தான் அதன் பின்பாரம் முழுவதையும் தாங்கின.

அந்த ஆவணியில் அம்பலவாணன் ஒரு ட்ரெய்லர் வாங்கி வேனுக்குப் பின்னால் கோத்தார். அண்டா, குண்டா எல்லாவற்றையும் அதன் முன்மூக்கில் அடுக்கினார். செண்பகத்தின் பின்புறம் உட்கார்ந்தது. முன்புறம் நிமிர்ந்தது.

"பார்த்தாயா, நாம் உயர்ந்துவிட்டோம்" என்றது முகவிளக்கு. அது சாலையை விட்டுவிட்டுப் புளியமரத்து உச்சியைக் காட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கும் உடம்பு லேசாக இருக்கிறது" என்றது முன்சக்கரம். "தரையில் பட்டும் படாமலும் போகிறேன். திருப்பினால்தான் திரும்ப மனம் வருவதில்லை."

"மேலே என்ன கொண்டாட்டம்?" என்று அடியிலிருந்து முனகியது மூத்த பட்டை. "நாங்கள் எட்டுப் பேரும் வளைவு போய் நேராகிவிட்டோம். இனி முறிவதுதான் பாக்கி. ஏய் ட்ரெய்லர், உன் பாரத்தை உன் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டால் என்ன?"

"நான் வீட்டுக்குப் புதுசு, மாமா" என்றது ட்ரெய்லர். "அடுக்குகிறவர்கள் அடுக்குகிறார்கள். நான் உங்கள் மேல் சாய்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான்."

மெக்கானிக் பீர் முகம்மது வந்து குனிந்து பார்த்தார். அம்பலவாணன் அப்போது மார்க்கெட்டில் இருந்தார். மெக்கானிக் அம்பலவாணனின் மனைவி கோமதியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"பாரம் தாங்கல, அக்கா. பின்னாடி ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை போடணும். சாமானையும் நடுவுல தள்ளி அடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சிய."

கோமதி அப்படியே சொன்னாள். அம்பலவாணன் நெகிழ்ந்துபோனார்.

"பாயே சொல்லிட்டாரா? நம்ம வழக்கம் அவருக்குத் தெரியுது. உனக்குத் தெரியல பாரு."

"அவரு இரும்பைச் சொல்லுதாருன்னுல்லா நினைக்கேன்."

"நீ என்ன மெக்கானிக்கா?"

திருநீற்றைக் குழைத்து, பின்கதவில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக அகலமாய்ப் பட்டை போட்டார். கற்பூரம் காட்டினார். சாமான் அடுக்கும் பேச்சு அதோடு மறந்துபோனது.

"நமக்கு மரியாதை செய்திருக்கிறார்கள்" என்றது இளைய பட்டை.

"நமக்கு வேண்டியது பாரத்துக்குத் தோள் கொடுக்க ஆள்" என்றது மூத்தது.

"உங்களுக்கு எதைச் செய்தாலும் குறைதான்" என்று மேலிருந்து சலித்துக்கொண்டது முகவிளக்கு.

2019 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, தென்காசிக்கு ஒரு கல்யாணச் சமையலுக்காகப் போகும் வழியில் மூத்த பட்டை இரண்டாக முறிந்தது. அடுத்த வளைவில் முன்சக்கரம் திரும்பவில்லை. வேன் வயலில் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. கல்யாண வீட்டில் பகல் பந்தி மூன்று மணிக்கு நடந்தது. முகவிளக்கு நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது; அன்றைக்குப் போல் அது என்றைக்கும் உயர்ந்ததில்லை.

செப்டம்பர் 16 அன்று பீர் முகம்மது பக்கத்துக்கு ஐந்தாகப் புதுப் பட்டைகள் மாட்டினார். அன்று மாலையே ட்ரெய்லரின் முன்மூக்கில் கூடுதலாக ஒரு கிரைண்டர் ஏற்றப்பட்டது.