கை தட்டுன கோட்டை

"குருவே, எல்லாம் போச்சு! அவங்க கை தட்டறாங்க!"

காராளன் கையில எரியற திரி. எதிர்ல கோட்டை. ஓடி ஒளிய வேண்டிய எதிரிங்க அத்தனை பேரும் மதில் மேல ஏறி நின்னு, சத்தியமா, கை தட்டிக்கிட்டு இருந்தாங்க.

குரு மாசாணி அண்ணாந்து வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"அடுத்தத விடுங்க அண்ணே."

"அம்மா, கை தட்டறாங்கன்னு சொல்றேன்!"

"காது கேக்குது. விடுங்க."

காராளனுக்கு அம்பது வயசு. அவரு குருவுக்கு முப்பது. பாசறையே இவங்கள வச்சு சிரிக்கும். ஆனா சண்டை வாணம் செய்யத் தெரிஞ்ச ஆளு அந்தப் படையில மாசாணி ஒருத்தங்கதான்.

இரும்புக் குழாய்ல வெடிமருந்தைத் திணிக்கணும். நீள மூங்கில்ல கட்டணும். சாய்ச்சு வச்சுத் திரியக் கொளுத்துனா, அலறிக்கிட்டே போகும். பின்னாலயே கரும்புகை. குதிரை மிரளும். யானை திரும்பிடும். உள்ள இருக்கறவங்க கதவைத் தொறந்துட்டு ஓடியாருவாங்க.

இதுவரைக்கும் அப்படித்தான்.

காலையில தளபதி சேந்தன் வந்து சொல்லிட்டுப் போயிருந்தான்.

"பொழுது சாயறப்ப பத்து வாணம் விடுங்க. இருட்டறதுக்குள்ள கோட்டைக் கதவு தொறக்கணும். தொறக்கலைன்னா, திரி கொளுத்துன கை இருக்காது."

கொளுத்தறது காராளன்.

மொத வாணம் மதில் தாண்டிப் போச்சு. அலறல. புகையல. தங்க நெறத்துல பொரி பொரியா உதிர்ந்துச்சு, மாமரத்த யாரோ புடிச்சு உலுக்குனா பூ கொட்டுமே, அந்த மாதிரி! கீழ வர்றதுக்குள்ள அணைஞ்சும் போச்சு. ஒருத்தன் முடி கூட கருகல.

ரெண்டாவது. அதே பூ.

மூணாவது விட்டப்ப கோட்டையோட மேற்கு மூலையில இருந்து ஒருத்தன் கத்துனான்.

"ஏ வாணக்காரரே! கொஞ்சம் இந்தப் பக்கமா விடுங்களேன்! எங்களுக்குக் கோபுரம் மறைக்குது!"

காராளனுக்கு அழுகை வந்துடுச்சு.

"நாம எதிரிம்மா! அத அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"மருந்துல என்ன கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கல. வெடியுப்பு, கந்தகம், கரி. நீங்க சொன்ன அளவு."

"எங்க உக்காந்து கலந்தீங்க?"

"பாயில."

"எந்தப் பாய்?"



மாசாணி சொல்லிக் குடுத்த மொத பாடமே பாய்தான். குழாயோட வாயை அரத்தால ராவி மழமழன்னு ஆக்கறதுக்கு ஒரு பாய். மருந்துக்கு வேற பாய். ரெண்டும் சேரவே கூடாது. நேத்து மழையில மருந்துப் பாய் நனைஞ்சுபோச்சு. காராளன் ராவற பாயத் தட்டி, உதறி, அதுலயே உக்காந்துட்டாரு. ராவுன இரும்புத் தூளும் கறுப்பு, மருந்தும் கறுப்பு. கண்ணுக்கு என்ன தெரியும்? எரிஞ்சாத்தான் தெரியும், இரும்பு பொரியாப் பூக்குதுன்னு.

"பத்துலயும் அதே மருந்தா அண்ணே?"

"பத்துலயும்."

"சரி. நாலாவத விடுங்க."

விட்டாரு. பூத்துச்சு. உள்ள ஏதோ ஒரு கொழந்த "இன்னொண்ணு!"ன்னு கத்துச்சு. இன்னொண்ணும் விட்டாரு. வேற என்ன செய்வாரு?

ஏழாவது முடிஞ்சப்ப காராளன் தரையில உக்காந்துட்டாரு.

"குருவே, கை போறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த வெடிமருந்த எதுக்குத்தான் கண்டுபிடிச்சாங்க?"

"சீனத்துல சில பேரு சாகாம இருக்க வழி தேடுனாங்களாம். அதையும் இதையும் சேத்துச் சூடு பண்ணுனாங்க. தாடி கருகிடுச்சு."

"ஓ. சாகாம இருக்கறதுக்கா?"

"அதுக்கும் முன்னால பச்சை மூங்கில நெருப்புல போடுவாங்களாம். வெடிக்கிற சத்தத்துல பேய் ஓடிடும்னு."

"அப்ப பேய் ஓட்டவா?"

"இப்ப நாம கோட்டை பிடிக்கிறோம்."

"அப்ப எதுக்குத்தான் அம்மா?"

"திரி அணையுது பாருங்க."

காராளன் ஊதி ஊதித் திரியக் காப்பாத்துனாரு. எட்டு. ஒம்பது. பத்து.

முடிஞ்சுது.

மதில் மேல இருந்து பெருசா ஒரு "அச்சச்சோ" வந்துச்சு. கதவு அசையல. மேக்கால இன்னும் கொஞ்சம் செவப்பு மிச்சம் இருந்துச்சு.

தளபதி சேந்தன் வாளோட வந்தான். இன்னொரு கையால பின்கழுத்தைத் தடவிக்கிட்டே வந்தான். ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்ததுல பிடிச்சுக்கிச்சு போல.

"எந்தக் கை?"

காராளன் வலது கைய நீட்டுனாரு.

அதுக்கு மேல மாசாணி தன் கைய வச்சாங்க.

"கொளுத்துனது அவரு. பாத்துட்டும் விடச் சொன்னது நான்."

காராளன் திரும்பிப் பாத்தாரு. எதைப் பாத்துட்டு?

கேக்கறதுக்குள்ள கிரீச்னு ஒரு சத்தம்.

கோட்டைக் கதவு.

படை வரல. ஒரு அம்மா வந்தாங்க, இடுப்புல ஒரு கொழந்த, கையில வெத்தல பாக்குத் தட்டு. பின்னால பாதி ஊரு.

"பூ வாணம் விட்டது யாருங்க? என் பேரு வடிவாம்பா. நாளைக்கு எங்க அம்மன் தேருங்க. இதே மாதிரி வந்து விட்டுத் தரணும்."

சேந்தன் கையில வாள் அப்படியே நின்னுச்சு.

"ஏம்மா, நாங்க உங்களச் சுத்தி வளைச்சிருக்கோம்."

"தெரியுங்களே. ஒரு மாசமா மோர் கூட வரல. அதுக்காகத் தேரு நிக்குமா?"

"இப்ப நீங்க சரணடையறீங்களா, இல்லையா?"

"அத ராசாவக் கேளுங்க, உள்ளதான் இருக்காரு. வடம் இழுக்க ஆள் பத்தல. உங்க ஆளுங்களையும் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

சேந்தன் கதவப் பாத்தான். தொறந்துதான் இருந்துச்சு. வானத்தப் பாத்தான். இன்னும் இருட்டல. வாள உறையில போட்டான். திரும்ப எடுத்தான். திரும்பவும் போட்டான்.

"நாளைக்கு எந்நேரம்?"ன்னு கேட்டான்.

எல்லாரும் போனதுக்கப்புறம் காராளன் மெதுவா மாசாணி பக்கம் வந்தாரு.

"எதைப் பாத்தீங்க?"

"மருந்த. காலையில விரல்ல எடுத்துத் தேச்சேன். இரும்புத் தூள் மினுக்குச்சு."

"அப்பவே தெரியுமா? கொட்டிட்டு வேற கலக்கச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்."

"என் கை போயிருக்கும்! உங்க கையும் போயிருக்கும்! ஏன் சொல்லல?"

மாசாணி விரலத் தேச்சுப் பாத்துக்கிட்டாங்க. அவங்களுக்கே சரியாத் தெரியல போல.

"விட்டா எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு அண்ணே."

"அப்ப நான் செஞ்சது தப்பா, சரியா?"

மாசாணி ராவற பாயத் தேடிக்கிட்டு இருந்தாங்க.

"நாம ஜெயிச்சோமா? தோத்தோமா? அதையாவது சொல்லுங்க!"

மாசாணி ராவற பாய எடுத்து விரிச்சாங்க. மருந்துத் தட்டத் தூக்கி அதுக்கு நடுவுல வச்சாங்க. அரத்த எடுத்து அவரோட வலது கையில குடுத்தாங்க.

"ராவுங்க."

காராளன் உக்காந்து ராவ ஆரம்பிச்சாரு. கோட்டைக்குள்ள யாரோ இன்னும் கை தட்டிக்கிட்டு இருந்தாங்க, எதுக்குன்னே தெரியல.

உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா? நீங்க கெடுத்து வச்ச வேலைக்கு ஊரே கை தட்ட, உங்க கைய எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம நின்னிருக்கீங்களா?